தண்ணீர் வராது எனலாம், ஏன் வரவில்லை எனக் கேட்கலாகாது

“நாளை கீழத்தெருவுக்குத் தண்ணீர் வராது.” நிர்வாகம் தந்த தகவல் என்றால் சமுதாய வானொலியில் இதை அறிவிக்கலாம். இரண்டு வாரமாக ஏன் வரவில்லை என்று நிலையத்துக்காரர் ஒருவர் ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துவந்து சொன்னால், அது செய்தியாகிவிடும். இந்தியாவில் சமுதாய வானொலிக்குச் சொந்தச் செய்தி கூடாது. ஆகாசவாணியின் செய்தியை அஞ்சல் செய்துகொள்ளலாம். ஆனால் தலைநகரத்துச் செய்தியில் கீழத்தெருக் குழாய் எங்கே வரப்போகிறது?

அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995-இல். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு அது. சமுதாய வானொலியில் முதல் பங்கு கல்லூரிகளுக்குப் போனது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் கதவு திறந்தது. அப்போதும் கிராமத்தார் கூடி நேரே விண்ணப்பிக்க முடியாது. பதிவு பெற்று, மூன்றாண்டாவது பணி செய்த அமைப்பு ஒன்று முன்னால் நிற்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பின் கனத்தை ஜகீராபாத் பக்கத்து மச்னூரில் பார்க்கலாம். இன்றைய தெலங்கானாவில் இருக்கும் ஊர். தக்காண மேம்பாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள், யுனெஸ்கோ உதவியோடு 1998-இலேயே ஒலிப்பதிவுக் கூடம் கட்டிவிட்டார்கள். உரிமம் மட்டும் இல்லை. சோளம், சாமை விதைப்பு, விதை சேமிப்பு, கைவைத்தியம், ஊர்ப்பாட்டு என்று கேசட்டில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. 2008 அக்டோபர் 15 அன்று ‘சங்கம் ரேடியோ’ காற்றில் ஏறியது. பேசியது அந்த வட்டாரத்துத் தெலுங்கு. கருவிகளை இயக்கியதும் அதே பெண்கள்தான். புன்செய்ப் பயிரைப் பற்றி நிபுணர் சொல்ல விவசாயி கேட்பதே வானொலி வழக்கமாக இருந்த நாட்டில், சாகுபடி செய்கிறவளே நிபுணராக உட்கார்ந்தது சின்ன விஷயமல்ல.

பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’க்கு நேயர்கள் மீனவர்கள். காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்பது அங்கே அன்றாடப் பிழைப்பைத் தீர்மானிக்கும் தகவல்.

இனி காசு. அனுமதிக்கப்படுவது 50 வாட் டிரான்ஸ்மிட்டர். சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டினால் பெரிது. இவ்வளவு சிறிய வட்டத்துக்கு எந்தப் பெரிய கம்பெனி விளம்பரம் தரும்? 2024-இல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக்கினார்கள். அரசு விளம்பரக் கட்டணமும் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. நல்லதுதான். ஆனால் ஏழு நிமிடத்தையே நிரப்ப முடியாத நிலையத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் எதற்கு? சம்பளம் கட்டுபடியாகாமல், பழக்கிவிட்ட பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கடைசியில் அரசுத் திட்ட விளம்பரத்தையே நம்பியிருக்கும் நிலையம், செய்திக்கு அனுமதி கிடைத்தாலும் எவ்வளவு தூரம் வாய் திறக்கும் என்பது என் சந்தேகம்.

நேபாளம் வேறு வழியில் போனது. காட்மாண்டுவின் ரேடியோ சகர்மாதா 1997-இல் தொடங்கியபோது, தெற்காசியாவில் அரசின் பிடியில் இல்லாத முதல் சமுதாய வானொலி அதுவே. அங்கே உள்ளூர்ச் செய்திதான் சமுதாய வானொலியின் உயிர்நாடி. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா அதிகாரத்தைக் கையில் எடுத்தபோது எஃப்.எம். நிலையங்களின் செய்திக்கு உடனே தடை போட்டார். 2015 நிலநடுக்கத்தில் கட்டடம் போன நிலையங்கள் சில கூடாரம் போட்டுப் பேசின. எந்த ஊரில் என்ன சேதம், நிவாரணம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல அவற்றுக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

இங்கே வானொலிச் செய்தித் தடையை எதிர்த்து ‘காமன் காஸ்’ அமைப்பு 2013-இல் உச்ச நீதிமன்றம் போனது. எவரும் பத்திரிகை நடத்தலாம், தனியார் தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் செய்தி ஓடலாம், வானொலிக்கு மட்டும் ஏன் தடை என்பதுதான் வழக்கின் சாரம். பாதுகாப்பு என்பது அரசின் பதில்.