மதுவும் மோட்டார் வண்டியும்

மதுவைக் கடியாத அறநூல் தமிழில் அரிது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரமே வகுத்தார். எனினும், மதுவருந்தியவன் மோட்டார் வண்டி செலுத்துவதைத் தடுக்கப் புகுந்த சட்டத்துக்கு அறவுரை மட்டும் போதவில்லை. குடித்தவன் தீயவனா என்பதன்று அதன் வினா. வண்டி செலுத்திய வேளையில் அவன் குருதியில் எவ்வளவு மதுசாரம் இருந்தது என்பதே. இவ்வினாவைச் சட்டம் கேட்கக் கற்றுக்கொண்ட வரலாறு பிரித்தானியாவில் தெளிவாகப் புலப்படுகின்றது.

1897 ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வாடகை வண்டிச் சாரதியொருவர் குடிவெறியில் வண்டியைக் கட்டடமொன்றில் மோதியமைக்காகத் தண்டிக்கப்பட்டார். அதன் பின்னரும் நெடுங்காலம், சாரதி வண்டி செலுத்தத் தகுதியற்ற நிலையிலிருந்தார் என நிறுவுவது பொலிசாரின் பொறுப்பாகவே இருந்தது. மருத்துவர் அவரை நேர்கோட்டில் நடக்கச் செய்வார். நாப்புரளும் சொற்களைச் சொல்லச் செய்வார். குடித்துப் பழகியவர் இவற்றில் எளிதில் தேறிவிடுவர். யூரிமாருள்ளும் மதுவருந்திய பின் வண்டியோட்டி வீடு செல்வோர் இருந்தனர். குற்றவாளிக் கூண்டிலே தம்மையே கண்டவர் தண்டிக்கத் தயங்கியதில் வியப்பில்லை.

மாற்று வழி வட ஐரோப்பாவில் பிறந்தது. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் விட்மார்க் சில துளிக் குருதியிலிருந்தே மதுசாரத்தை அளக்கும் முறையை வகுத்தார். 1936 இல் நோர்வே குருதியில் 0.05 சதவீதம் என்ற எல்லையைச் சட்டமாக்கியது.

மூச்சிலும் அதனை அளக்கலாம். குருதியிலுள்ள மதுசாரம் சுவாசப்பையின் சிற்றறைகளில் ஆவியாகி, குருதியில் உள்ள அளவுக்கு ஏற்ற விகிதத்தில் வெளிமூச்சிற் கலக்கின்றது. அம்மூச்சைப் பொற்றாசியமிருகுரோமேற்றும் சல்பூரிக்கமிலமும் ஊட்டிய மணிகளடங்கிய கண்ணாடிக் குழாயினூடே செலுத்தினால், மதுசாரம் ஒட்சியேற்றப்பட்டு அசற்றிக்கமிலமாகும். மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். மேல்வகுப்பு மாணவர் ஆய்வுகூடத்திற் காணும் தாக்கமே வீதியோரத்திற் சாட்சி சொல்ல வந்தது. அச்சாட்சிக்குக் குடியனின் நடிப்பும் தெரியாது, இரக்கமும் தெரியாது.

அமெரிக்காவில் போர்க்கென்ஸ்ரைன் 1954 இல் இத்தத்துவத்தில் ஒரு கருவியை அமைத்தார். பின்னர் அவர் கிராண்ட் றப்பிட்ஸ் நகரில் விபத்துக்குள்ளான சாரதிகளையும் ஏனையோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1964 இல் வெளிவந்த அவ்வாய்வு, 0.08 சதவீதத்துக்கு மேல் விபத்து வாய்ப்பு விரைந்து ஏறுவதைக் காட்டிற்று.

பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சர் பாபரா காசில் அம்மையார் காலத்தில், 1967 ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் என எல்லையிட்டது. வண்டியோட்டாத பெண்மணி சாரதிகளுக்குச் சட்டம் செய்வதோ எனச் சீறினோர் பலர். கொள்ளைநோய்க்குச் சட்டம் வகுப்பவர் தாமும் நோயுற்றிருக்க வேண்டும் என்பது போன்ற வாதம் அது. ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஓராண்டுக்குள் வீதிச் சாவுகளை ஆயிரத்துக்கு மேற் குறைத்தது. வார இறுதி இரவுகளிலேயே பயன் மிகுதியாய்த் தெரிந்தது.

ஆயினும் அப்பயன் நிலைக்கவில்லை. இதனை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் லோரன்ஸ் றொஸ் கண்ட காரணம் சிந்திக்கத்தக்கது. தண்டனை குறையவில்லை, பிடிபடும் வாய்ப்புத் தாம் அஞ்சிய அளவு பெரிதன்று என்பதை மக்களே அறிந்துகொண்டனர். ஐயமோ, வீதிக் குற்றமோ, விபத்தோ இன்றி எவரையும் சோதிக்கும் அதிகாரம் முதல் வரைவில் இருந்து, எதிர்ப்பினாற் கைவிடப்பட்டிருந்தது. பிரித்தானியா கைவிட்டதை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசெம்பரில் மேற்கொண்டது. பொலிசார் ஐயம் எதுவுமின்றி வீதியில் எவரையும் நிறுத்திச் சோதித்தனர். உயிர்ச்சேத விபத்துகள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்தன. கடுந்தண்டனையிலும் பார்க்க, தப்ப முடியாது என்ற எண்ணமே சாரதியின் கையைத் தடுக்கின்றது.

போதைப்பொருள்களில் இவ்வழி அத்துணை எளிதன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் போதைப்பொருள்களுக்கும் சில மருந்துகளுக்கும் தனித்தனி எல்லைகளை வகுத்தது. கஞ்சாவையும் கொக்கெயினையும் வீதியோரத்தில் உமிழ்நீரைக் கொண்டு சோதிக்கின்றனர். ஆனால், கஞ்சாவின் கூறு மயக்கம் தெளிந்த பின்னரும் உடலில் எஞ்சக்கூடும். குருதியில் அதன் அளவு, மதுசாரத்தின் அளவைப் போலச் சாரதியின் தடுமாற்றத்தை நேராகக் காட்டுவதில்லை. நோய்க்காக மருத்துவர் தந்த மருந்தை விதித்தவாறு உட்கொண்டு, தடுமாற்றமின்றி வண்டி செலுத்தியவர், எல்லை கடந்திருப்பினும் அதனைத் தம் எதிர்வாதமாகக் கூறலாம் என அச்சட்டமே இடமளித்துள்ளது.