காடியும் கணக்கும்

உத்தரப் பிரதேசத்தின் லக்னோ மாவட்டத்தில் நான் பணியாற்றிய காலத்தில், மலிஹாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். கேட்ட தொகை 3 இலட்சம் ரூபாய். கடனின் நோக்கம் என்ற இடத்தில் ‘ஜாமுன் சிர்க்கா தயாரிப்பு’ என்று எழுதியிருந்தது. நாவற்பழக் காடி என்பது அதன் பொருள்.

விண்ணப்பத்துடன் புட்டியில் ஒட்டவிருந்த சீட்டின் மாதிரி ஒன்றையும் இணைத்திருந்தார்கள். நாவற்பழப் படத்தின் கீழே, ‘சர்க்கரை நோயை வேரோடு நீக்கும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. அதைப் படித்ததும் என் பேனா நின்றது. ஓராண்டுக்கு முன்பு அதே போன்றதொரு வரியை நம்பி, அதன் விலையை உடம்பில் செலுத்தியவன் நான்.

புளிக்கும் கலை

வினிகர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதற்குக் காடி என்ற பெயர் தமிழில் நெடுங்காலமாக உண்டு. புளித்த கஞ்சி நீரையும் காடி என்பர். சித்த மருத்துவத்தில் சில சரக்குகளைத் தூய்மை செய்வதற்குக் காடியில் ஊறவைக்கும் முறையும் இருக்கிறது. வடநாட்டில் இதன் பெயர் சிர்க்கா. பாரசீகத்திலிருந்து வந்த சொல்.

கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் கரும்புச்சாற்றைப் பானைகளில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, மாதக்கணக்கில் வெயிலில் வைத்துக் காடியாக்குகிறார்கள். லக்னோ பக்கத்தில் நாவற்பழக் காடிக்கு மதிப்பு அதிகம். ஜூன், ஜூலை மாதங்களில் உதிரும் கனிந்த பழங்களைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, கையால் பிசைந்து ஜாடியில் இடுவார்கள். பழைய காடி சிறிது இருந்தால் உறை ஊற்றுவதுபோல் அதையும் சேர்ப்பார்கள். செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தொடவே மாட்டார்கள். காடியின் அமிலம் அவற்றை அரித்துக் களிம்பை உண்டாக்கும். மண்பானை, கண்ணாடி, ‘மர்த்தபான்’ எனப்படும் பீங்கான் ஜாடி ஆகியவையே ஏற்றவை.

ஜாடிக்குள் நடப்பது இரண்டு கட்ட வேலை. முதலில் நொதிகள் பழத்தின் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகின்றன. பிறகு வேறு வகை நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்போது மேற்பரப்பில் மெல்லிய ஏடு ஒன்று படரும். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் இந்த இரண்டாம் கட்டத்தை ஆராய்ந்து, 1868-இல் காடியைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஜாடியின் வாயை இறுக மூடாமல் துணியால் கட்டுவதன் காரணமும் இதுவே: ஈயும் தூசியும் வரக்கூடாது, காற்று வரவேண்டும்.

தேனும் காடியும்

எங்கள் கிளையின் வாடிக்கையாளர்களுள் முதியவரான ஹகீம் ஒருவர் இருந்தார். யுனானி மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற நகரம் லக்னோ; தக்மீலுத் திப் கல்லூரி அங்கு 1902-இல் தொடங்கப்பட்டது. ஓய்வூதியக் கணக்கு தொடர்பாக வரும்போதெல்லாம் அந்தப் பெரியவர் எனக்கு ஏதேனும் ஒன்றைக் கற்பித்துவிட்டே செல்வார். ‘சிகஞ்சபீன்’ என்ற சொல்லை அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

சிர்க்கா என்றால் காடி. அங்கபீன் என்றால் தேன். இரண்டும் சேர்ந்த பாகு சிகஞ்சபீன். கிரேக்க மருத்துவத்தில் தோன்றிய இந்தச் சேர்க்கை அரபு, பாரசீக மருத்துவர்கள் வழியாக இந்தியாவை அடைந்தது. 980 முதல் 1037 வரை வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு சீனாவும் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். காடி குளிர்ச்சி, தேன் வெப்பம். ஒன்றன் மிகுதியை மற்றொன்று தணிக்கும் என்பது யுனானியின் கொள்கை.

சேர்க்கும் பொருளுக்கேற்பப் பெயரும் பயனும் மாறும். காசினி விதை, பெருஞ்சீரகம், செலரி விதை போன்றவற்றை இரவு முழுதும் ஊறவைத்து, காய்ச்சி வடித்துப் பாகில் சேர்த்தால் அது சிகஞ்சபீன் பஜூரி. ஈரல் தொடர்பான தொல்லைகளுக்கும் நீர்க்கட்டுக்கும் அதைக் கொடுப்பது மரபு. புதினா சேர்ந்தது நஃனாயீ, செரிமானத்துக்கு உரியது. நரிவெங்காய இனத்தைச் சேர்த்தது உன்சுலீ. இருமலுக்கும் இரைப்புக்கும் உரியது. இவை அல்லாமல், வெறும் நாவற்காடியில் ஓமமும் கறுப்பு உப்பும் கலந்து, நீர் ஊற்றி உணவுக்குப் பின் அருந்துவது வீட்டு வழக்கம்.

நான் செய்த பிழை

எனக்கு நாற்பது வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டது. கடைத்தெருவில் வாங்கிய நாவற்காடிப் புட்டியொன்றில் சர்க்கரை நோய் நீங்கும் என்று எழுதியிருந்தது. காலையில் அந்தக் காடி, மாலையில் கடையில் விற்ற சிகஞ்சபீன் என்று தொடங்கினேன். ஒரு வாரம் கழிந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். மனைவி கேட்டபோது, “இயற்கை மருந்து இருக்கும்போது இது எதற்கு?” என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில், 7.1 ஆக இருந்த எச்பிஏ1சி அளவு 9-ஐத் தாண்டியிருந்தது. மருத்துவரின் கண்டிப்பைக் கேட்டுத் திரும்பிய நான், மறுநாள் வங்கிக்கு வந்த ஹகீமிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“சிகஞ்சபீனில் காடியைவிடச் சர்க்கரைதான் அதிகம். புளிப்பு முன்னால் நிற்பதால் இனிப்பு உங்கள் நாவுக்குத் தெரியவில்லை. எங்கள் மருத்துவத்தில் ஆளைப் பார்த்த பிறகுதான் மருந்து. நீங்கள் புட்டியை மட்டுமே பார்த்தீர்கள்” என்றார்.

நாவற்கொட்டைத் தூள் நீரிழிவுக்கென்று நாட்டு மருத்துவத்தில் வழங்கி வருவது உண்மை. அந்தப் பெயர் பழக்காடிக்கும் ஒட்டிக்கொண்டது. உணவோடு சேரும் காடி, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் வேகத்தைச் சற்றே குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தச் சிறு உதவி மாத்திரையின் இடத்தை நிரப்பாது. நீர் கலக்காத காடி பல்லின் மேற்பூச்சை அரிக்கும், தொண்டையைப் புண்ணாக்கும். இன்சுலின் போடுகிறவர்களும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்கிறவர்களும், வயிற்றுப்புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது.

அந்த ஒரு வரி

விண்ணப்பத்தோடு வந்த குழுத் தலைவியை அமரச் சொல்லி, அந்த வரியை நீக்க வேண்டும் என்றேன். அவர் தயங்கினார்.

“சாஹிப், அந்த வரி இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்? கடைத்தெருவில் எல்லாப் புட்டியிலும் அதுதானே இருக்கிறது?”

முதலில் சட்டத்தைச் சொன்னேன். நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. அவர் முகத்தில் மாற்றமில்லை. பிறகு என் பரிசோதனைச் சீட்டு இரண்டையும் மேசைமேல் வைத்து, எந்தக் காலத்தில் எதை நிறுத்தினேன் என்று சொன்னேன். அவர் அந்த எண்களை நெடுநேரம் பார்த்தார்.

“என் மாமியாரும் இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுவதில்லை. நம் வீட்டிலேயே காடி இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன்” என்றார்.

மறுநாள் காலையில் அவர் மாமியாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அடுத்த வாரம் வந்த சீட்டில் அந்த வரி இல்லை. நாவற்பழம் மட்டுமே சேர்ந்தது. சர்க்கரையும் நிறமியும் சேர்க்கப்படவில்லை. ஊறிய காலம் 100 நாள். ஒரு தம்ளர் நீரில் இரண்டு தேக்கரண்டி கலந்து உணவோடு அருந்துக. மருந்துக்கு மாற்று அன்று. இவ்வளவுதான் இருந்தது. அனைத்தும் அவர்களுக்குத் தெரிந்த உண்மை.

காத்திருக்கும் கடன்

கடனிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஜூனில் பழம் வாங்கினால் அக்டோபரில்தான் காடி கைக்கு வரும். வழக்கம்போல் ஜூலையிலேயே தவணை தொடங்கினால், புளிக்காத பழச்சாற்றை விற்றுத்தான் கட்ட வேண்டும். அல்லது கந்துவட்டிக்கு வாங்க வேண்டும். அவசரப்பட்டவர்கள் அசிட்டிக் அமிலத்தில் நீரும் நிறமும் கலந்து விற்கும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. எனவே அசலுக்கு ஆறு மாத அவகாசம் அளித்து, அதுவரை வட்டியை மட்டும் செலுத்துமாறு கடனை அமைத்தோம். 2020-இல் தொடங்கப்பட்ட, நுண் உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டத்தில், குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் பெற வழி இருந்தது. அதற்கும் விண்ணப்பிக்கச் செய்தோம்.

அந்தத் தீபாவளிக்குச் சரக்கு முழுவதும் விற்கவில்லை. ஆனால் காடி கெடுகிற பொருளன்று. மீதி ஹோலிக்குள் விற்றது. கடைசித் தவணை உரிய நாளில் வந்தது.

வாங்குவோர் கவனத்துக்கு

காடி வாங்கும்போது புட்டியைத் திருப்பிப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருக்க வேண்டும். புளிக்க வைத்த காடியில் அசிட்டிக் அமிலம் குறைந்தது 3.75 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. அமிலத்திலிருந்து தயாரித்ததாயின் செயற்கைக் காடி என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், சேர்க்கப்பட்ட பொருள்களின் வரிசையில் சர்க்கரை எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நோயைத் தீர்ப்பதாக எழுதியிருந்தால் புட்டியைக் கடையிலேயே வைத்துவிடலாம்.

நான் இன்றும் நாவற்காடி அருந்துகிறேன். மதிய உணவோடு, நீர் கலந்து, இரண்டு தேக்கரண்டி. மாத்திரையும் உண்கிறேன். அண்மைப் பரிசோதனையில் அளவு 6.9.