லோரி ஓட்டுவது கடைசி வழியல்ல, ஒரு தொழில்

"ஒழுங்கா படி, இல்லாட்டி லோரிதான் ஓட்டணும்." நம்மில் பலர் இதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். படிப்பு ஏறாதவர், வேறு வேலை கிடைக்காதவர், அவர்தான் லோரி ஓட்டுநர் என்பது அதன் பொருள். கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு சற்றுக் கூடுதலாகவே உறுத்தும். என் பெரிய மாமா 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். எஸ்.பி.எம். முடித்த அவர் மகன் அதே வேலைக்குப் போகிறேன் என்கிறான், மாமாதான் தடுக்கிறார். ஏன் என்று கேட்டேன். "வேலை நல்ல வேலைதாம்மா. முறையா சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது.

சுமையால் எழுந்த நகரம்

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைப் புரட்டிப் போட்டன. அதன்பின் நகரம் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. செங்கல் சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். அன்று அந்தச் செங்கற்களை மாட்டு வண்டிகள் சுமந்தன. 1886இல் கிள்ளான் பக்கம் ரயில் வந்தது. 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. 2023இல் மட்டும் 20 அடிக் கொள்கலன் கணக்கில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களை அது கையாண்டது. இவற்றில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறுபவை. உள்நாட்டுக்குள் வருபவற்றைச் சுமப்பது பெரும்பாலும் லோரிகள்தான். நம் கைப்பேசியும் காலணியும் ஏதோ ஓர் ஓட்டுநரின் கைப்பிடியைத் தாண்டித்தான் கடைக்கு வந்திருக்கின்றன.

இது என்ன திறமை?

மாமா வண்டியைக் கிளப்பும் முன் செய்வதைக் கவனித்திருக்கிறேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயர்களைத் தட்டிப் பார்ப்பார். முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்கள், கொள்கலனின் நான்கு மூலைப் பூட்டுகள், விளக்குகள், பிரேக்கின் காற்றழுத்தம் என வரிசையாகப் பார்ப்பார். சாலையில் ஏறிய பிறகு இன்னொரு பாடம். டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப் பக்கமாக ஸ்டீயரிங்கைத் தொடக்கத்தில் திருப்ப வேண்டும். இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும்.

நாம் இயற்பியல் வகுப்பில் படித்ததுதான் இங்கே வேலை செய்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. இயக்க ஆற்றலோ இரண்டேகால் மடங்காகிறது. 90இல் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் இரண்டு விநாடி கண்ணயர்ந்தால் 50 மீட்டர் போய்விடும். பல டன் எடை பின்னால் இருக்கும்போது அந்த 50 மீட்டர் உயிர்களின் கணக்கு.

உரிமம் வேறு, பயிற்சி வேறு

நம் நாட்டில் கனரக லோரி ஓட்ட 21 வயது நிரம்ப வேண்டும். முதலில் காருக்கான 'டி' உரிமம், பிறகு 'இ' உரிமம், அதன்மேல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.டி.எல். உரிமம். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஆனால் எஸ்.பி.எம். முடிக்கும் 17 வயதுக்கும் 21க்கும் இடையில் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் பலர் 'கெலிண்டான்' வேலைக்குப் போகிறார்கள். ஓட்டுநருக்கு உதவியாளராக ஏறி, அவரைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்கிறார்கள்.

இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. நல்ல ஓட்டுநரிடம் சேர்ந்தவனுக்கு நல்ல பழக்கம் வரும். தூக்கத்தை கோப்பியால் விரட்டுபவரிடமும், பாரம் கூடினாலும் 'ஓடும் ஓடும்' என்பவரிடமும் சேர்ந்தவனுக்கு அதுவே தொழில் முறையாகப் பதிந்துவிடும். 20 ஆண்டு அனுபவம் என்பது 20 ஆண்டு சரியாகச் செய்ததாகவும் இருக்கலாம், ஒரே தவற்றை 20 ஆண்டு செய்ததாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்துக் காட்டுவதுதான் பயிற்சி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை லோரி ஓட்டுநர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேர மறுபயிற்சி பெற வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அங்கே அனுபவசாலிகளும் வகுப்பில் உட்காருகிறார்கள். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. மருத்துவரும் விமானியும் காலம் முழுவதும் படிப்பதில்லையா?

ஓட்டுநர் மட்டுமா பொறுப்பு?

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் சரளைக்கல் ஏற்றிய லோரி மோதி, மத்திய சேமப்படையைச் சேர்ந்த 9 பேர் உயிரிழந்தார்கள். அரசு அமைத்த சிறப்புக் குழுவின் விசாரணையில் இரண்டு விஷயங்கள் முன்னுக்கு வந்தன: ஸ்டீயரிங் அமைப்பில் கோளாறு, அனுமதித்ததைவிட மிக அதிகமான பாரம். ஒரு மாதம் ஆவதற்குள், ஜூன் 9 அன்று, கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அவர்கள் நம் வயதுப் பிள்ளைகள். அதன்பின் கனரக வாகனங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மீதான அமலாக்கம் 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகத் தொடங்கியது.

கருவி வேகத்தைக் கட்டுப்படுத்தும். பாரத்தை எடை போடாது, ஸ்டீயரிங்கைச் சோதிக்காது. "இந்த வண்டி சரியில்லை, எடுக்க மாட்டேன்" என்று சொல்வதுதான் ஓட்டுநரின் உயர்ந்த தொழில் நேர்மை. ஆனால் பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் குறைவு. எத்தனை நடை ஓடுகிறாரோ அதற்கேற்பத்தான் வருமானம். ஒரு நடையை மறுத்தால் அன்றைய வரும்படி போகிறது. மாமாவிடம் இதைக் கேட்டபோது அவர் சுருக்கமாகச் சொன்னார்: "மறுக்கத் தைரியம் வேணும்மா. அந்தத் தைரியத்துக்கும் சோறு போடணும்." ஓட்டுநரிடம் தொழில் நேர்மையை எதிர்பார்க்கும் முதலாளி, மறுத்த நாளுக்கும் கூலி கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பொறியியல், தளவாடத் துறை, சட்டம், மனிதவளம் படிக்கும் நம்மில் பலர் நாளை இந்த நிறுவனங்களின் அலுவலகங்களில் அமரப் போகிறோம். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடும் கை நம்முடையதாக இருக்கலாம். அந்த அட்டவணையில் ஓய்வுக்கு இடம் விடுவதும் பழுதுபார்க்கும் செலவை வெட்டாமல் இருப்பதும் அப்போது நம் பொறுப்பு.

அதுவரை, மோட்டார் சைக்கிளில் கூட்டரசு நெடுஞ்சாலையிலோ கெசாஸிலோ போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது. அதன் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். திரும்பும் லோரிக்கு அகலமாக இடம் விடுங்கள்.

இந்தத் தொழிலுக்குப் போக விரும்பும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. தலைகுனிய வேண்டாம். ஆனால் வேலைக்குச் சேரும் முன் முதலாளியிடம் சம்பளத்தோடு சேர்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு யார் பயிற்சி தருவார்? வண்டியை யார், எப்போது சோதிப்பார்? வண்டி சரியில்லை என்று நான் சொன்னால் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் சாவியை வாங்காதீர்கள்.