சுவிட்ச்சின் முதுகில் இருக்கும் விடை

ஆசைப்பட்டுப் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால், டாஷ்போர்டில் பெயரே இல்லாத ஒரு சுவிட்ச்! தட்டிப் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. விற்றவருக்கும் தெரியவில்லை. அது எதற்கென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவிட்ச்சின் முதுகைப் பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் ஒயரின் நிறம்தான் அதன் முகவரி. பழுப்பு நிறம் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. சாவி போடாவிட்டாலும் அதில் மின்சாரம் ஓடும். பச்சை என்றால் வைப்பர் மாதிரி, சாவியைத் திருப்பிய பிறகே உயிர்பெறும் சமாச்சாரம். சிவப்பைப் பிடித்துக்கொண்டே போனால் பின்விளக்கு வந்துவிடும்.

அந்தக் கார்களின் நிற வரிசையிலேயே சேராத ஏதோ ஒரு நிறம் தென்படுகிறதா? முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் பனிமூட்ட விளக்கோ, குட்டி மின்விசிறியோ தாமே மாட்டி, பிறகு கழற்றியிருக்கலாம். காரின் பழைய கதை ஒன்று உங்கள் கையில் சிக்கியிருக்கிறது!

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விடும் முன், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.