ஓங்கிய கை எப்போது தாழ வேண்டும்?

தன் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளத் திருப்பித் தாக்குவதை இந்தியச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தொடர்கிறது. விழுப்புரம் மாவட்டம் இரும்பையில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக முந்திரித் தோப்பில் குடியிருப்பவருக்கும், விடியுமுன் மரக்காணம் உப்பளத்துக்குக் கிளம்பும் பெண்ணுக்கும், நகரத்து நகைக்கடைக்காரருக்கும் இது பொது. எந்த ஆயுதத்தை எடுப்பது என்பது இதில் கடைசிக் கேள்வி. எப்போது எடுக்கலாம், எப்போது கீழே போட வேண்டும் என்பதை ஆபத்து வருமுன்பே மனத்தில் தீர்மானித்து வைப்பதுதான் முதல் ஆயத்தம்.

சட்டம் வகுத்த எல்லை

முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழும்போதே உரிமை பிறக்கிறது. அந்த அச்சம் நீங்கியதும் முடிந்துவிடுகிறது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. வந்தவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடுகிறான். துரத்திப் போய் வெட்டினால் அது பழிவாங்கலாகிவிடும்.

தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கு எதிர்க்கச் சட்டம் இடம் தரும் சூழல்களைப் பிரிவு 38 வரிசைப்படுத்துகிறது. உயிர்ப்பயம், கொடுங்காய அச்சம், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், அமில வீச்சு ஆகியவை அவற்றில் அடங்கும். உடைமையைக் காப்பதற்குப் பிரிவு 41 கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றைச் சொல்கிறது. தோப்பில் நாலு தேங்காய் திருடியவனுக்கு இது பொருந்தாது.

பதற்றத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. தற்காப்புரிமையின் நெறிகளை உச்ச நீதிமன்றம் 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் தொகுத்துத் தந்தது.

தமிழ்நாட்டில் நடந்தவை

2012-ல் மதுரையில், மகளிடம் பாலியல் வன்முறைக்கு முயன்ற கணவரை மனைவி கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவர் இறந்தார். அப்போதைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க், தற்காப்புப் பிரிவின்கீழ் அந்தப் பெண்ணை விடுவித்தார். 2021 ஜனவரியில் சோழவரம் அருகே, கத்தியைக் காட்டி வன்முறைக்கு முயன்றவனின் கத்தியையே எடுத்துத் தாக்கிய இளம்பெண்ணும் அதே பிரிவின்கீழ் விடுவிக்கப்பட்டார். 2019 ஆகஸ்டில் கடையம் அருகே, அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர்களை முதிய தம்பதி பிளாஸ்டிக் நாற்காலிகளையும் செருப்புகளையும் வீசி விரட்டினர். கொள்ளையர் ஓடியதும் சண்டை முடிந்தது. அந்த ஆண்டு சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு விருது வழங்கியது.

இந்த மூன்று நிகழ்வுகளிலும் முன்பே வாங்கிவைத்த ஆயுதம் இல்லை. கைக்கு எட்டியதே காத்தது.

ஆயுதம் வைத்திருக்க

துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். 2019 திருத்தத்துக்குப்பின் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கின்றன. தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு வேறு ஏற்பாடும் வேண்டும்.

ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட வாளும் கத்தியும் ஆயுத விதிகளுக்குள் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்குமான அரிவாள், மண்வெட்டிக்கு விலக்கு உண்டு. ஆனால் வேலை ஏதுமின்றி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் காவல்துறை கேள்வி கேட்கும். மிளகுத்தூள் ஸ்பிரேயும் விளையாட்டுப் பொருள் அல்ல. உயிருக்கு ஆபத்து இல்லாத தகராறில் அதை அடித்தது தற்காப்பாகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் கருதியது.

மனமும் பயிற்சியும்

திடீர் ஆபத்தில் நெஞ்சு படபடக்கும், விரல்கள் நடுங்கும், பார்வை குறுகி எதிரில் இருப்பவனின் கையிலேயே நிலைக்கும், காது அடைத்துக்கொள்ளும். சிலர் உறைந்து நின்றுவிடுவார்கள். இது கோழைத்தனம் இல்லை, உடலின் இயல்பு. அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க வராது, பழகியதுதான் வரும்.

சிலம்பத்தில் கம்பு சுழற்றுவதற்கு முன் காலடி கற்றுத் தருவது இதனால்தான். எட்டத்தைக் கணிப்பது, விலகி நிற்பது, அடியைத் தடுப்பது ஆகியவை முதலில் வந்தால்தான் கம்பு உதவும். மேடை அலங்காரச் சுற்று மட்டும் கற்றவருக்குத் தெருச்சண்டை கைவராது. எதிராளியோடு நின்று பழக வேண்டும். எந்த ஆயுதமானாலும், பயிற்சியில்லாத கையிலிருந்து அது எளிதில் பறிபோகும்.

வீட்டில் எல்லோரும் கூடி முன்பே பேசிவைக்க வேண்டியவை சில: இரவில் சத்தம் கேட்டால் யார் 112-ஐ அழைப்பது, குழந்தைகள் எந்த அறைக்குள் போய்த் தாழிடுவது, பக்கத்து வீட்டாரை எப்படி எழுப்புவது. வாசலில் விளக்கு, உறுதியான தாழ்ப்பாள், குரைக்கும் நாய் ஆகியவை சண்டையே வராமல் தடுக்கும். துப்பாக்கி இருக்கும் வீட்டில் அதையும் தோட்டாவையும் தனித்தனியே, பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

நடந்த பிறகு

ஆபத்து நீங்கியதும் ஆயுதத்தைக் கீழே வைத்து, காவல்துறைக்கும் 108-க்கும் சொல்ல வேண்டும். தாக்க வந்தவர் காயப்பட்டுக் கிடந்தாலும் சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும். இடத்தைக் கழுவுவதோ பொருள்களை நகர்த்துவதோ கூடாது. தன் உடலில் சிறு கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விரிவான வாக்குமூலத்துக்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது.

தற்காப்புக்காகவே தாக்கினேன் என்று காட்டும் பொறுப்பு, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதிநியத்தின் பிரிவு 108-ன்படி, தாக்கியவருடையது. அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும். காயச் சான்று, 112 அழைப்பு, கேமராப் பதிவு, அண்டை வீட்டாரின் சாட்சி ஆகியவையே அதற்குத் துணை.