புத்தகம் வாங்கினீர்களா, அனுமதி வாங்கினீர்களா?

வீட்டுக்குப் புதுக் காமிரா வந்திருக்கிறது. பையன் அதை இப்படித் திருப்புகிறான்; அப்படித் திருப்புகிறான். ஒரு படம் இருட்டாக விழுகிறது. இன்னொரு படம் வெளுத்துப் போகிறது.

"அப்பா! போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்று வேண்டும்" என்கிறான்.

அச்சுப் புத்தகம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே புத்தகம், செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கும் மின்புத்தகமாக 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

"200 ரூபாய் மிச்சம்!" என்று அப்பா பணத்தைக் கட்டிவிடுகிறார்.

உண்மையிலேயே மிச்சம்தானா? கொஞ்சம் பொறுங்கள்!

அச்சுப் புத்தகத்தைப் படித்து முடித்தபின் பழைய புத்தகக் கடையில் போட்டால் 200 ரூபாய் கிடைக்கலாம். அப்போது செலவு 400 ரூபாய்தான். மின்புத்தகத்தை எந்தப் பழைய கடையில் போடுவது?

89 சென்டு வழக்கு

அமெரிக்காவில் 1904-ம் ஆண்டு ஒரு நாவல் வெளிவந்தது. "இதன் விலை 1 டாலர். குறைத்து விற்க யாருக்கும் அனுமதி இல்லை" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையைப் பதிப்பாளர் அதில் அச்சடித்திருந்தார்.

நியூயார்க்கில் உள்ள 'மேசி' என்ற பெரிய கடை அதைப் பொருட்படுத்தவில்லை. 89 சென்டுக்கு விற்றது. 1 டாலருக்கு 100 சென்டு. அதாவது, 11 சென்டு குறைவு!

பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1908-ல் தீர்ப்பு வந்தது. ஒருமுறை விற்றுவிட்ட புத்தகத்தை மறுபடி என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று கோர்ட்டு கூறிவிட்டது.

வாங்கியவருக்கே புத்தகம் சொந்தம். விற்கலாம், இரவல் கொடுக்கலாம், பேரனுக்கும் விட்டுப் போகலாம்.

மின்புத்தகத்தின் கதை வேறு. பெரும்பாலான கடைகள் அதை விற்பதில்லை. படிப்பதற்கு அனுமதி மட்டுமே தருகின்றன. சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது!

மாயமாய் மறைந்த புத்தகம்

2009 ஜூலை மாதம். 'அமேசான்' கம்பெனியிடம் 'கிண்டில்' என்ற படிக்கும் கருவியை வாங்கியிருந்த பலர் திகைத்துப் போனார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் காணோம்!

அதை அழித்தது அமேசான்தான். அந்தப் பதிப்பை விற்றவருக்கு அமெரிக்காவில் அதற்கு உரிமை இல்லையாம். பணம் திரும்பி வந்தது. ஆனால் வாங்கியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறைந்த புத்தகங்களில் ஒன்று எது தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. பழைய பதிவுகளை அழித்து உண்மையை மறைக்கும் ஓர் அரசாங்கத்தைப் பற்றிய கதை அது!

பள்ளி மாணவன் ஒருவன் அந்தப் புத்தகத்தில் பாடக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தான். புத்தகம் போனபின் அந்தக் குறிப்புகள் எதற்கு உதவும்? அவன் கோர்ட்டுக்குப் போனான். அதற்கு முன்பே அமேசான் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டிருந்தார். புத்தகத்தைக் குறிப்புகளோடு திருப்பித் தருவதாகவும், வேண்டாதவர்களுக்கு 30 டாலர் கொடுப்பதாகவும் கம்பெனி அறிவித்தது.

2019-ல் 'மைக்ரோசாப்ட்' தன் மின்புத்தகக் கடையையே மூடியது. கடையோடு புத்தகங்களும் போயின. முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது. பணம் வந்தது, புத்தகம் வரவில்லை.

இப்போது கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கொடுப்பது வெறும் அனுமதி என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று கடைக்காரர் போடக்கூடாது. 2025 ஜனவரி 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. இணையத் தொடர்பு இல்லாமலே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி இறக்கித் தரும் பொருளுக்கு விலக்கு உண்டு.

வண்ணம் எங்கே?

போட்டோ புத்தகத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, படம். மாலை வெயிலின் பொன்னிறத்தை எப்படிப் பிடிப்பது என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் பல படிக்கும் கருவிகளில் கறுப்பு வெள்ளைதான் தெரியும். பொன்னிறம் சாம்பல் நிறமாகிவிடும்!

இரண்டாவது, வயது. 'லைட்ரூம்' என்பது படங்களைத் திருத்த உதவும் மென்பொருள். ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் அதன் கடைசிப் பதிப்பு 2015-ல் வந்தது. இனிமேல் சந்தா மட்டுமே என்று 2017-ல் 'அடோப்' கம்பெனி அறிவித்தது. பழைய பதிப்புக்கு எழுதிய புத்தகம் இன்று எத்தனை பக்கம் பயன்படும்? ஆனால் வெளிச்சத்தை அளப்பது எப்படி, ஓடும் குழந்தையைக் கலங்காமல் எடுப்பது எப்படி என்று சொல்லும் புத்தகத்துக்கு வயதே ஆவதில்லை.

பணம் கட்டும் முன்னே...

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

* புத்தகத்தை 'பி.டி.எப்.' கோப்பாக இறக்கித் தருவார்களா? தந்தால் பத்திரப்படுத்தி வைக்கலாம். கடை மூடினாலும் கோப்பு உங்களிடம் இருக்கும்.

* எத்தனை கருவிகளில் படிக்கலாம்? வீட்டில் மற்றவர்களும் படிக்கலாமா?

* மாதிரிப் பக்கங்கள் உண்டா? படங்கள் உங்கள் கருவியில் தெளிவாகத் தெரிகின்றனவா?

* எந்த ஆண்டுப் பதிப்பு?

இன்னொன்று. காமிராவை இயக்கும் விதத்தைச் சொல்லும் கைப்புத்தகத்தை 'கேனன்', 'நிக்கான்' போன்ற கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே தருகின்றன. அதற்குக் காசு கொடுத்து ஏமாறாதீர்கள்!

கோப்பு கையில் இருக்கிறது என்பதற்காக அதை நண்பர்கள் குழுவில் அனுப்பிவிடவும் கூடாது. நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள படங்களும் அவற்றுக்கு உரியவரின் சொத்து. ஆனால் அதைப் படித்துக் கற்றுக்கொண்டு நீங்கள் எடுக்கும் படம் உங்களுடையது!

மின்புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நள்ளிரவிலும் வாங்கலாம், அலமாரி வேண்டாம், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். கொடுக்கும் விலைக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்து வாங்குங்கள் என்பதே பேச்சு.

பையன் படித்து முடித்துவிட்டான். "அண்ணா! அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடு" என்று தங்கை கேட்கிறாள். கொடுக்க முடியுமா?

அதற்குப் பதில் தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள்!