இராணுவக் கொள்முதலில் மறைவும் வெளிப்படைத்தன்மையும்: இந்திய அனுபவம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இராணுவத் தளவாடக் கொள்முதலில் ஓரளவு இரகசியம் இன்றியமையாதது. ஆயினும் இரகசியம் காக்கப்பட வேண்டிய செய்திகள் இருக்கும் இடமும் ஊழல் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறுவேறானவை. 1948 ஆம் ஆண்டு ஜீப் கொள்முதல் முதல் 2016 ஆம் ஆண்டு ரஃபேல் ஒப்பந்தம் வரையிலான சில கொள்முதல் நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. வெளிநாட்டுக் கொள்முதல் தொடர்பான பெரிய குற்றச்சாட்டுகள் சில, நாட்டுக்கு வெளியிலிருந்தே முதலில் வெளிப்பட்டன. கொள்முதல் உள்நாட்டை நோக்கித் திரும்பும் காலத்தில் அவ்வெளிச்சம் கிடைப்பதரிது. எனவே உள்நாட்டு வெளிப்படைத்தன்மையின் தேவை மிகுகின்றது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: இராணுவக் கொள்முதல், வெளிப்படைத்தன்மை, ஒப்பந்தப்புள்ளி, தணிக்கை, தகவல் அறியும் உரிமை, நேர்மை உடன்படிக்கை.

1. முன்னுரை

காவிரிப் படுகை நெல் விளையும் நிலமாகவே அறியப்படுகிறது. எனினும் இராணுவக் கொள்முதல் இப்பகுதிக்கு அயலான பொருளன்று. திருக்காட்டுப்பள்ளிக்கு ஒருபுறம் தஞ்சாவூர் விமானப்படைத் தளம் உள்ளது. அங்கு 2020 சனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. வகைப் போர் விமானங்களைக் கொண்ட 222 ஆம் படைப்பிரிவு நிலைநிறுத்தப்பட்டது. மறுபுறம் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்களை இணைக்கும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 சனவரி 20 அன்று திருச்சிராப்பள்ளியிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. படைகளுக்கு வேண்டியன எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன, யார் விலை பேசுகின்றனர், அதனை யார் சரிபார்க்கின்றனர் என்னும் வினாக்கள் ஆகவே இவ்வட்டாரத்துக்கும் உரியன.

2. நெல் கொள்முதலும் படைக்கலக் கொள்முதலும்

கொள்முதலில் நேர்மை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அறிய, படுகை மக்கள் நன்கறிந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை ஒப்புமையாகக் கொள்ளலாம். அங்கு அரசு வாங்குகிறது, உழவர் விற்கின்றார். ஆதார விலை முன்னரே அறிவிக்கப்படுகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது பொது வரையறை. பருவமழைக் காலங்களில் நடுவண் அரசு இதனைத் தளர்த்துவதுண்டு. ஈரப்பதமானி காட்டும் எண்ணையும் தராசு காட்டும் எடையையும் விற்பவர் தம் கண்ணால் காண்கிறார். முறைகேடு நிகழ்ந்தால் பாதிக்கப்படுபவர் அவ்விடத்திலேயே நிற்கிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கப்படுவதாகப் படுகையில் எழும் புகார்கள் வெளிப்படையான விதிகள் மட்டும் போதா என்பதைக் காட்டுகின்றன. ஆயினும் புகார் எழுவதற்கான வழி அங்கு இருக்கிறது.

படைக்கலக் கொள்முதலில் இவ்வமைப்பு தலைகீழாகின்றது. தரத்தை வரையறுப்போர், அளப்போர், விலை பேசுவோர் அனைவரும் மூடிய அறையில் உள்ளனர். போட்டியில் தோற்ற நிறுவனம் அடுத்த ஒப்பந்தத்தை எதிர்நோக்கிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பாதிக்கப்படுபவர் வரி செலுத்தும் குடிமகனும் அக்கருவியைக் கையாளும் படைவீரரும் ஆவர். இருவருக்குமே நிகழ்ந்தது தெரிவதில்லை.

3. ஊழல் நுழையும் படிநிலைகள்

இந்திய நடைமுறையில் ஒரு மூலதனக் கொள்முதல் பல படிநிலைகளைக் கடக்கிறது. படைத்தலைமை தனக்கு வேண்டிய கருவியின் பண்புகளை வரையறுக்கிறது. பாதுகாப்பு அமைச்சரின் தலைமையிலான கொள்முதல் மன்றம் அல்லது அதற்குக் கீழுள்ள உரிய அமைப்பு அத்தேவையை ஏற்கிறது. பின்னர் நிறுவனங்களிடமிருந்து ஒப்பந்தப்புள்ளிகள் பெறப்பட்டுத் தொழில்நுட்ப மதிப்பீடும் களச் சோதனையும் நடைபெறுகின்றன. விலை பேச்சு, நிதி ஒப்புதல், ஒப்பந்தம், வழங்கல் என்பன அடுத்தடுத்து வருகின்றன.

பொதுமக்கள் மனத்தில் ஊழல் என்பது விலை பேசும் கட்டத்தில் கைமாறும் தரகுப் பணமாகவே பதிந்துள்ளது. அதனினும் ஆழமான இடர் முதற்படியிலேயே உள்ளது. குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பொருள் மட்டுமே பொருந்துமாறு பண்புகள் வரையறுக்கப்பட்டால், அதன் பின்னுள்ள படிநிலைகள் அனைத்தும் விதிப்படியே நடந்தாலும் முடிவு முன்னரே உறுதியாகிவிடும். கோப்பில் குறை எதுவும் தென்படாது.

4. விதிமுறைகள் உருவான வரலாறு

விடுதலைக்குப் பின் எழுந்த முதற் சர்ச்சை 1948 இல் இலண்டனில் இந்தியத் தூதரகத்தின் வழியே செய்யப்பட்ட ஜீப் ஒப்பந்தம் பற்றியது. வழக்கமான நடைமுறையைப் புறந்தள்ளி ஏறத்தாழ 80 இலட்சம் ரூபாய்க்குச் செய்யப்பட்ட அவ்வொப்பந்தத்தில் 155 ஜீப்புகளே வந்து சேர்ந்தன. 1955 செப்டம்பர் 30 அன்று விவகாரம் முடிந்ததாக அரசு அறிவித்தது.

1986 மார்ச் 24 அன்று ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்துடன் 410 பீரங்கிகளுக்கு ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தரகு கொடுக்கப்பட்டதாக 1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி செய்தி வெளியிட்டது. தொடக்க மதிப்பீடுகளில் பிரான்சின் சோஃப்மா பீரங்கிக்கே படைத்தலைமை முன்னுரிமை தந்திருந்தது. 1986 பிப்ரவரியில் அவ்வரிசை மாறியது. மதிப்பீட்டு முறையை 1989 ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை குறைகூறியதை அடுத்து, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் மக்களவையிலிருந்து பதவி விலகினர். நீதிமன்ற நடவடிக்கைகள் இருபதாண்டுகளுக்கு மேல் நீண்டன. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் தில்லி உயர் நீதிமன்றம் முக்கியமான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. அப்பீரங்கி 1999 கார்கில் போரில் நன்கு பயன்பட்டது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கருவி நல்லது என்பதாலேயே அதனை வாங்கிய முறை நேர்மையானது என்றாகாது; முறை பிழையானது என்பதால் கருவி தரமற்றது என்றும் ஆகாது.

போஃபர்ஸ் சர்ச்சையின் விளைவாக இடைத்தரகர்கள் தடை செய்யப்பட்டனர். தடை அவர்களை ஒழிக்கவில்லை; பார்வையிலிருந்து மறைத்தது. 2001 மார்ச்சில் தெகல்கா இதழாளர்கள் கற்பனையான ஓர் ஆயுத நிறுவனத்தின் பெயரால் நடத்திய மறைமுகப் பதிவுகள் இதனைக் காட்டின. அவ்வாண்டிலேயே பதிவு பெற்ற முகவர்களை அனுமதிக்கும் விதிகள் வெளிவந்தன. 2002 இறுதியில் முதல் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை நூல் நடைமுறைக்கு வந்தது. 2006 ஆம் ஆண்டுப் பதிப்பு 100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு நேர்மை உடன்படிக்கையைக் கட்டாயமாக்கியது. பல திருத்தங்களுக்குப் பின் 2020 அக்டோபர் 1 அன்று புதிய நடைமுறை நூல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு சர்ச்சைக்குப் பின்னும் ஒரு விதி பிறந்துள்ளது. அவ்விதிகளில் பெரும்பாலானவை தரகரை நோக்கியவை. பண்பு வரையறையை நோக்கியவை சிலவே.

5. வரையறை என்னும் வாயில்: ஹெலிகாப்டர் ஒப்பந்தம்

மிக முக்கியப் பிரமுகர்களின் பயணத்துக்கென 12 ஹெலிகாப்டர்களை வாங்க அகஸ்டா வெஸ்ட்லேண்ட் நிறுவனத்துடன் 2010 பிப்ரவரியில் ஏறத்தாழ 55.6 கோடி யூரோ மதிப்பில் செய்யப்பட்ட ஒப்பந்தம் இவ்வகையில் விரிவாக நோக்கத்தக்கது.

2002 இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டபோது 6,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் திறன் கட்டாயமாக இருந்தது. அதனால் ஒரே ஒரு ஹெலிகாப்டர் மட்டுமே தகுதி பெற்றது. ஒற்றை விற்பனையாளர் நிலை விரும்பத்தக்கதன்று என்ற காரணத்தால் வரையறை திருத்தப்பட்டு, உயரம் 4,500 மீட்டராகக் குறைக்கப்பட்டது. பயணிகள் அறையின் உயரம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. 2006 இல் மீண்டும் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. இம்முறை இறுதியில் தேறியது அகஸ்டா வெஸ்ட்லேண்டின் ஏ.டபிள்யூ.101 மட்டுமே.

2013 ஆகஸ்டில் வெளிவந்த தணிக்கை அறிக்கை மூன்று குறைகளைச் சுட்டியது. அறை உயர நிபந்தனை போட்டியைக் குறுக்கி, மீண்டும் ஒற்றை விற்பனையாளர் நிலைக்கே இட்டுச் சென்றது. களச் சோதனை இந்தியாவில் நடத்தப்படாமல் வெளிநாட்டில், வாங்கவிருந்த அதே ஹெலிகாப்டரில் அன்றி அதனை ஒத்த ஊர்திகளிலும் மாதிரியிலும் நடத்தப்பட்டது. விலை பேசுவதற்கென வகுத்த அடிப்படை மதிப்பீடு நிறுவனம் கேட்ட விலையையும் விஞ்சி நின்றதால் பேரம் பேச இடமில்லாமற் போயிற்று.

போட்டியை விரிவாக்கும் நோக்கம் நியாயமானதே. உயர வரம்பைக் குறைப்பதற்கும் ஏற்கத்தக்க காரணம் இருந்திருக்கலாம். ஒரு மாற்றம் நியாயமானதா, யாரோ ஒருவருக்காகச் செய்யப்பட்டதா என்பதை அதன் காரணங்கள் உரிய காலத்தில் பதிவாகி வெளிப்பட்டால்தான் பிரித்தறிய முடியும். இங்கு மறைக்கப்பட வேண்டிய படை இரகசியம் மிகச் சிறிது. ஒரு ஹெலிகாப்டர் எவ்வளவு உயரம் பறக்கும், அதன் அறை எவ்வளவு உயரம் என்பன நிறுவனங்களே தம் விற்பனை ஏடுகளில் அச்சிடும் செய்திகள்.

2013 பிப்ரவரியில் இத்தாலியில் தாய் நிறுவனத்தின் தலைவர் கைது செய்யப்பட்டார். 2014 சனவரி 1 அன்று இந்தியா நேர்மை உடன்படிக்கை மீறலைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை நீக்கியது. அதற்குள் மூன்று ஹெலிகாப்டர்கள் வந்திருந்தன. இத்தாலியில் 2016 இல் தண்டனை பெற்ற நிறுவன அதிகாரிகள் மறுவிசாரணையில் 2018 சனவரியில் விடுவிக்கப்பட்டனர். குற்றவியல் சான்று கிட்டுவது எத்துணை அரிது என்பதை இது உணர்த்துகிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படாவிடினும் வரையறை, சோதனை, மதிப்பீடு ஆகியவற்றில் தணிக்கை கண்ட குறைகள் குறைகளாகவே நிற்கின்றன.

6. வெளிச்சம் வந்த திசை

போஃபர்ஸ் செய்தி ஸ்வீடனிலிருந்து வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தத்தில் 7 விழுக்காடு தரகு என்ற செய்தி 1987 இல் அந்நாட்டிலிருந்த இந்தியத் தூதரின் தந்தியால் தெரியவந்தது. ஹெலிகாப்டர் விவகாரத்தை இத்தாலிய அரசு வழக்குரைஞர்கள் வெளிக்கொணர்ந்தனர். பிரேசிலின் எம்பிரேயர் நிறுவனம் இந்தியாவுக்கு மூன்று விமானங்களை விற்றதில் முகவர் ஒருவருக்கு 57.6 இலட்சம் டாலர் கொடுத்தது 2016 இல் அமெரிக்க நீதித் துறையுடன் அந்நிறுவனம் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே உறுதியாயிற்று.

இந்நான்கிலும் இந்தியாவின் தணிக்கையோ கண்காணிப்பு அமைப்போ முதலில் எச்சரிக்கவில்லை. விற்கும் நாட்டில் கட்டற்ற இதழியலும் தன்னுரிமை கொண்ட வழக்குத்தொடுப்பு அமைப்பும் இருந்தமையால் செய்தி வெளிவந்தது. அவை இல்லாத நாடுகளிடமிருந்து வாங்கியவை பற்றி நமக்குக் குறைவாகவே தெரியும். குற்றச்சாட்டு எழாமையை நேர்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

7. சட்டம் எதனை மறைக்கிறது?

1923 ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எனினும் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பாதுகாப்பு அமைச்சகத்தை முழுவதுமாக விலக்கவில்லை. இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற அமைப்புகளுள் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் உள்ளது. அங்கும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல்களுக்கு விலக்கு இல்லை. பிரிவு 8(1)(அ) நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்க இடந்தருகிறது. பிரிவு 8(2) பொதுநலன் தீங்கினும் மிகுந்திருப்பின் தகவலை வெளியிடலாம் என்கிறது. இரகசியச் சட்டம் அதற்குத் தடையன்று.

ரஃபேல் வழக்கில் இவ்விதி சோதிக்கப்பட்டது. 36 விமானங்களுக்கான அரசுகளுக்கிடையிலான உடன்பாடு 2016 செப்டம்பர் 23 அன்று கையெழுத்தாயிற்று. நாளிதழில் வெளிவந்த ஆவணங்களை ஏற்கலாகாது என்ற அரசின் மறுப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று நிராகரித்தது. எனினும் விசாரணைக்கு ஆணையிடக் காரணம் இல்லை எனக் கூறி அவ்வாண்டு நவம்பர் 14 அன்று மறுஆய்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, ஒப்பந்தத் தொகை முந்தைய விலையைச் சீர்செய்து கணக்கிட்டதைவிட 2.86 விழுக்காடு குறைவு என்றது. ஆனால் விலை விவரங்கள் அமைச்சகத்தின் வேண்டுகோளின்படி மறைக்கப்பட்டிருந்தன. முடிவை மட்டும் தந்து கணக்கை மறைக்கும் அறிக்கை, முடிவு சரியாகவே இருப்பினும் ஐயத்தைத் தீர்ப்பதில்லை. 2017 க்குப் பின் பாதுகாப்புத் துறைத் தணிக்கை அறிக்கைகள் பல இணையத்தளத்தில் ஏற்றப்படாமல் நாடாளுமன்றத்தில் மட்டும் வைக்கப்பட்டமை, ஆய்வாளர்கள் அவற்றை அணுகுவதையும் அரிதாக்கியுள்ளது.

8. தண்டனையின் சுமை

முறைகேட்டுக்கு உரிய தண்டனையாக நிறுவனங்களைக் கருப்புப் பட்டியலில் சேர்ப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2012 இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் தொடர்பான வழக்கில் ஆறு நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கு விலக்கப்பட்டன. தவறிழைத்த நிறுவனம் தண்டிக்கப்படுதல் முறையே. ஆனால் போட்டியாளர் சிலரே உள்ள துறையில் அதன் சுமை படைகளின்மீதும் விழுகிறது. போஃபர்ஸுக்குப் பின் புதிய 155 மி.மீ. பீரங்கிகள் படையில் முறையாகச் சேர்க்கப்பட்டது 2018 நவம்பரில்தான். முப்பதாண்டு இடைவெளிக்குக் கருப்புப் பட்டியலும், முடிவெடுத்தால் பழி வருமோ என்ற அதிகாரிகளின் அச்சமும் முக்கியக் காரணங்கள். 2016 நவம்பரில் வெளியான வழிகாட்டுதல்கள் தடைக்கு மாற்றாகப் பணத் தண்டத்துக்கும் இடமளித்தன. வெளிப்படைத்தன்மை குறையும்போது நேர்மையான அதிகாரிக்கும் காப்பில்லை. தம் முடிவின் காரணங்களைக் காட்டி அவர் தம்மை நிலைநாட்ட வழியில்லை.

9. செய்யத்தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பண்பு வரையறையில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் அதனைக் கோரியவர், காரணம், எஞ்சும் போட்டியாளர் எண்ணிக்கை ஆகியவற்றுடன் பதிவாகி, ஒப்பந்தம் முடிந்தபின் வெளியிடப்படுதல் வேண்டும். இரண்டாவது, முகவர்களின் பெயரும் பெறும் ஊதியமும் பொதுவெளியில் வைக்கப்படுதல் வேண்டும். மூன்றாவது, மறைக்கத் தகுந்த விலை விவரங்களைப் பொதுக் கணக்குக் குழு மூடிய அமர்விலேனும் முழுமையாகக் காணுதல் வேண்டும். நான்காவது, தணிக்கை அறிக்கைகளில் படைத்திறன் பற்றிய பகுதிகளை மட்டும் நீக்கி, எஞ்சியவற்றை இணையத்தில் வெளியிடுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் விமானத்தின் ரேடார் திறனையோ வெடிபொருள் இருப்பையோ பகைவருக்கு அறிவிப்பதன்று.

10. முடிவுரை

இந்தியா இன்று இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்கும் கொள்கையை மேற்கொண்டுள்ளது. படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு பொதுத்துறை நிறுவனங்களின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. திருச்சிராப்பள்ளி, ஓசூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளின் சிறு பட்டறைகளும் உதிரி உறுப்புகளை வழங்குவோராகின்றன. வேலைவாய்ப்பு நோக்கில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் ஒரே நாட்டினராகும்போது ஸ்வீடன் வானொலியும் இத்தாலிய வழக்குரைஞரும் உதவிக்கு வரமாட்டார்கள். தரமிருந்தும் ஒப்பந்தம் கிடைக்காத சிறு தொழில்முனைவர், நெல் கொள்முதல் நிலையத்தில் நிற்கும் உழவரைப் போல, தம் பொருள் ஏன் தள்ளப்பட்டது என அளவுகளைக் கண்டு கேட்கும் நிலை வேண்டும். அந்நிலையை உருவாக்குவது வழித்தடத்தின் கட்டுமானங்களைவிடக் கடினமான பணி. அது நிகழாவிடில் கடந்த காலச் சர்ச்சைகள் இனி வெளித்தெரியாமலே நிகழும்.